நாலாம் கட்டிலின் வெள்ளைப் புள்ளிகள்

வாளியக்காவிடம் மூன்று வாளிகள் உண்டு. ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் பிளீச்சிங் கரைசல். மூன்றையும் சக்கரம் வைத்த பலகையில் ஏற்றி, காலை ஆறே முக்காலுக்கு வார்டுக்குள் தள்ளிக்கொண்டு வருவாள். அந்தப் பலகையின் இடது சக்கரம் கிறீச்சிடும். எண்ணெய் விடச் சொல்லிப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"சத்தம் இருக்கட்டும் சிஸ்டர். நான் வர்றது தெரிஞ்சாத்தான் கட்டிலுக்கு அடியில காலி பாட்டிலை உருட்டி விட்டவங்க குனிஞ்சு எடுப்பாங்க" என்பாள்.

என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். ஆனாலும் எனக்கும் அவள் வாளியக்காதான். பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அப்படித்தான். நான் அந்த வார்டில் தலைமை நர்ஸாகப் பத்தொன்பது வருடம் இருந்தேன். அதில் பதினாறு வருடம் அவள் துடைத்த தரையில் நடந்தேன். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு வாஷ்பேசின். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்களுடையது எட்டுக் கட்டில் வார்டு. பெரிய அறுவை சிகிச்சை முடிந்து, உடம்பில் இரண்டு மூன்று குழாய்களோடு வருகிறவர்களை வைத்துப் பார்க்கும் இடம். எட்டுக் கட்டிலுக்கும் வாளியக்கா பதினாறு துணி வைத்திருந்தாள். கட்டிலுக்கு இரண்டு. தலைமாட்டுக்கு ஒன்று, கால்மாட்டுக்கு ஒன்று. எது எந்தக் கட்டிலுடையது என்று தெரிய, ஓரத்தில் நிற நூலால் தையல் போட்டிருப்பாள். முதல் கட்டிலுக்குச் சிவப்பு, இரண்டாவதுக்கு மஞ்சள், இப்படி. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு நாள் பயிற்சி டாக்டர் ஒருவர் ஐந்தாம் கட்டில் துணியை எடுத்துத் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டார். வாளியக்கா அவர் முகத்திலிருந்தே கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய் சோப்புப் போட்டுக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பையன் இப்போது பெரிய நிபுணர். இன்னமும் கண்ணாடியைச் சட்டை நுனியால்தான் துடைக்கிறாராம், துணியைக் கண்டால் பயம்.

இந்த வேலைக்கு அவள் வந்த வழியும் சொல்லத் தக்கது. கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடம் மாமனார் பக்கவாதத்தில் விழுந்தார். நான்கு வருடம் படுக்கை. நான்கு வருடமும் இவள்தான் புரட்டிப் போட்டாள், துடைத்தாள், மாற்றினாள். அவர் முதுகில் ஒரு புண்கூட வரவில்லை. எத்தனை பயிற்சி பெற்றவர்களால் அது முடியும் என்று எனக்குத் தெரியும். விரல் விட்டு எண்ணிவிடலாம். அவரைப் பார்க்க வீட்டுக்கு வந்த டாக்டர்தான், மாமனார் இறந்த பிறகு, இவளை மருத்துவமனைக்குக் கூப்பிட்டார்.

புருஷனும் அங்கேயே வேலை. மருத்துவமனையின் குழாய்களை எல்லாம் பார்த்துக்கொள்ளும் பிளம்பர். ஒரு குழாயை மாட்டினால் மட்டக்கோல் வைத்துப் பார்த்து, நாலடி பின்னால் போய் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, திரும்ப வந்து நூலிழை அளவு திருப்புவார். "மாட்டினது குழாயா, மாப்பிள்ளைக்குத் தொப்பியா?" என்று வாளியக்கா கேட்பாள். "கோணலா இருந்தா உனக்கென்ன, நீ வாளியில மொண்டுக்குவே" என்பார் அவர். மத்தியானம் இருவரும் மோட்டார் அறையில் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிடுவார்கள். சண்டை போட்டுக்கொண்டேதான்.

இனி அந்தக் கிருமி.

நம் எல்லோர் குடலிலும் கோடிக்கணக்கில் கிருமிகள் குடியிருக்கின்றன. குடலுக்குள் இருக்கும்வரை தொல்லையில்லை. அவற்றில் சில, நாம் தொட்டதற்கெல்லாம் விழுங்கிய ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குத் தப்பிப் பிழைத்துப் பிழைத்து, எந்த மருந்துக்கும் சாகாத நிலைக்கு வந்துவிட்டன. தப்பிக்கும் வித்தையைப் பக்கத்திலிருக்கும் கிருமிக்கும் கைமாற்றிவிடும். அப்படிப்பட்டது ஒன்று வயிற்றில் இருந்தாலும் அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது. நன்றாகச் சாப்பிடுவார், தூங்குவார். ஆனால் அதுவே, மூத்திரக் குழாய் வழியாகவோ அறுத்த இடத்தின் வழியாகவோ ஒரு நோயாளியின் ரத்தத்துக்குள் போனால், அலமாரியின் கடைசித் தட்டில் பூட்டி வைத்திருக்கும் மருந்தும் வேலை செய்யாது.

எங்கள் வார்டில் முதலில் போனவர் நாலாம் கட்டிலில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர். குடல் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்திருந்தது. "வாளியக்கா, உங்க வண்டிக்கு லைசன்ஸ் இருக்கா?" என்று தினமும் கேட்பார். "இருக்கு, நீங்கதான் கொண்டுவந்து கொடுக்காம வெச்சிருக்கீங்க" என்று இவள் சொல்வாள். ஒன்பதாம் நாள் காய்ச்சல். பதிமூன்றாம் நாள் கட்டில் காலி. அதன் பிறகு ஆறு வாரத்தில் மேலும் நான்கு பேருக்கு அதே கிருமி. அதில் ஒருவர் இறந்தார். புதிய நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தினோம்.

ஆராய ஒரு குழு வந்தது. அதில் முக்கியமானவர் கிருமிகளுக்கென்றே படித்த, எங்கள் மருத்துவமனையின் பெண் டாக்டர். அவரை எல்லோரும் கிருமி டாக்டர் என்றுதான் சொல்வோம். அவருக்கும் தெரியும், கோபப்பட மாட்டார். இன்னொருவர் நிர்வாக அதிகாரி. பஞ்சுக் குச்சியால் இண்டு இடுக்கெல்லாம் தடவி லேபுக்கு அனுப்பினார்கள். நாலாம் கட்டிலின் கம்பியிலும், பக்கத்தில் நிற்கும் கட்டுப்போடும் டிராலியிலும் அந்தக் கிருமி இருந்தது.

கம்பியில் இருந்தால் துடைக்கவில்லை என்று அர்த்தம். நிர்வாக அதிகாரிக்கு அதற்கு மேல் யோசிக்கத் தேவைப்படவில்லை. துப்புரவுப் பணியாளர்களின் மலத்தையும் சோதிக்க வேண்டும் என்றார். டப்பாவை நீட்டியபோது வாளியக்கா வாங்கிக்கொண்டு நின்றாள்.

"எங்களோடது மட்டும் எதுக்குங்க? மத்தவங்களுக்கெல்லாம் வயிறு இல்லையா?"

கிருமி டாக்டர் சிரித்துவிட்டார். "அவங்க கேக்கறது சரி. எல்லாரும் கொடுக்கலாம்" என்றார். எல்லோரும் கொடுத்தோம். இருபத்து மூன்று பேரில் ஐந்து பேருக்கு அந்தக் கிருமி வயிற்றில் இருந்தது. வாளியக்காவுக்கு இருந்தது. ஒரு டாக்டருக்கு இருந்தது. எனக்கும் இருந்தது.

முடிவு வந்த அன்று வாளியக்கா என்னைப் பார்த்து, "வாங்க பங்காளி" என்றாள். ஒரே குலதனம் இரண்டு பேருக்கும் பாகமாகியிருக்கிறதாம். அந்த வார்த்தையை இன்றுவரை விடவில்லை.

வேடிக்கை அத்தோடு முடிந்தது. வியாழக்கிழமை அவள் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். துப்புரவில் அலட்சியத்தால் தொற்று பரவியது என்றும், திங்கட்கிழமை முதல் அவள் வெளி முற்றத்தில் மட்டும் வேலை செய்ய வேண்டும் என்றும், நோயாளிகள் இருக்கும் எந்த அறையிலும் இனி அவளுக்கு வேலை தரக்கூடாது என்றும் எழுதியிருந்தது. நான் போய்ப் பேசினேன். வயிற்றில் கிருமி இருப்பது எனக்கும்தான், என்னையும் முற்றத்துக்கு அனுப்புங்கள் என்றேன். "நீங்க நர்ஸ், கை கழுவத் தெரிஞ்சவங்க" என்றார் அதிகாரி. வார்டுக்குத் திரும்பி வந்தேன்.

வாளியக்கா அழவில்லை. துணி அடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து கடிதத்தை மறுபடி மறுபடி படித்தாள்.

"முற்றம் பெருக்கறதுல எனக்கு ஒண்ணும் குறையில்லை சிஸ்டர். ஆனா தபால்காரரை நான்தான் கொன்னேன்னு இதுல எழுதியிருக்கு. இதை மடிச்சு எங்கே வெச்சுக்கறது? துணி அலமாரியிலயா?"

"கொன்னேன்னு எழுதலைம்மா."

"சுத்தி வளைச்சு எழுதியிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும்." கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "கம்பியில இருந்துச்சுன்னாங்களே, எந்தப் பக்கத்துக் கம்பி?"

லேப் காகிதத்தைப் பார்த்தேன். "இடது பக்கம்."

"வலதுல?"

"இல்லை."

"டிராலில?"

"இடது பக்கத் தகடுன்னு போட்டிருக்கு."

எழுந்து என்னை நாலாம் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குனிந்து, இடது கம்பியைச் சாய்வாகப் பார்க்கச் சொன்னாள். ஜன்னல் வெளிச்சத்தில் தெரிந்தது. கடுகைவிடச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். டிராலியின் இடது தகட்டிலும் அதே போல.

"இது உப்புத் தண்ணி காஞ்ச கறை. இங்கே வர்ற தண்ணி அப்படி. வினிகர் போட்டுத் தேய்ச்சாத்தான் போகும். தினமும் தேய்க்கறேன், தினமும் மறுநாள் இருக்கு. அஞ்சாம் கட்டில்ல கிடையாது. ரெண்டுல கிடையாது. டிராலிக்கு அந்தப் பக்கம் கிடையாது. இங்கே மட்டும்தான்."

"எத்தனை நாளா?"

கட்டிலுக்கும் டிராலிக்கும் இடது புறச் சுவரில் இருந்த வாஷ்பேசினைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "குழாய் மாத்தினதிலேருந்து."

எட்டு மாதத்துக்கு முன்பு வார்டுக் குழாய்களை மாற்றியிருந்தார்கள். கையால் திருகும் பழைய குட்டைக் குழாய்களை எடுத்துவிட்டு, முழங்கையால் தட்டித் திறக்கும் நீளக் கழுத்துக் குழாய்கள். சுத்தத்துக்காகத்தான். கேட்டு வாங்கியது கிருமி டாக்டர். மாட்டியது வாளியக்காவின் புருஷன்.

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?" என்று நான் கேட்டது தப்பு.

"உப்புக் கறை இருக்குன்னு உங்ககிட்ட வந்து சொன்னா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? தேய்ன்னு சொல்லியிருப்பீங்க. அதைத்தானே செஞ்சேன்" என்றாள். உண்மைதான். சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு, சோதித்துப் பார்த்தோம். நாலாம் கட்டில் காலியாகத்தான் இருந்தது. வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை ஒரு குவளையில் கெட்டியாகக் கரைத்து எடுத்து வந்தாள். வாஷ்பேசினின் ஓட்டைக்குள் மெதுவாக, சல்லடைக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றினாள். கட்டில்மேலும் டிராலிமேலும் வெளுத்த விரிப்புகளை விரித்தாள்.

"இப்போ கை கழுவுங்க சிஸ்டர். எப்பவும் கழுவற மாதிரி. எனக்காக அழகாக் கழுவ வேண்டாம்."

முழங்கையால் தட்டினேன். தண்ணீர் நேராக அந்த ஓட்டையின் நடுவில் விழுந்தது. ஓட்டை உடனே உள்வாங்கவில்லை; விரல் உயரம் தேங்கிக் களகளவென்று குமிழியிட்டு, அப்புறம்தான் இறங்கியது. கை கழுவி நிமிர்ந்தேன். டிராலி விரிப்பில் நீலப் பொட்டுகள். கட்டில் விரிப்பிலும். நூறு வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். ஒன்று தலையணை வைக்கும் இடத்துக்கே போயிருந்தது.

"உங்க உடுப்பைப் பாருங்க" என்றாள்.

என் மார்பில் ஏழு நீலப் பொட்டுகள். கை கழுவிய கையோடு, அந்த உடுப்போடு, நான் நேராக ஒரு நோயாளியிடம்தான் போவேன்.

இன்னொன்றையும் நானே சொல்லிவிட வேண்டும். நோயாளியைத் துடைத்த தண்ணீர், குழாய் வழியாகக் கொடுத்து மீந்த பால், இவற்றையெல்லாம் பெட்பேன் கழுவும் அறையில்தான் கொட்ட வேண்டும். அது தாழ்வாரத்தின் கடைசியில், முப்பத்தெட்டு அடி தூரம் நடக்க வேண்டும். நாங்கள் யாரும் நடக்கவில்லை. வாஷ்பேசின் பக்கத்திலேயே இருக்கும்போது எதற்கு நடப்பது என்று அதில்தான் கவிழ்த்தோம். அன்று காலைகூட ஆறாம் கட்டில்காரரைத் துடைத்த தண்ணீரை நானேதான் ஊற்றியிருந்தேன். வயிற்றுக் கிருமியையும் ஊற்றி, அது தின்ன பாலையும் ஊற்றி வளர்த்திருக்கிறோம். பழைய குட்டைக் குழாயில் தண்ணீர் பேசினின் பின்சுவரில் பட்டு வழிந்து போனது. அதனால் உள்ளே இருந்தது உள்ளேயே கிடந்தது. புதுக் குழாய் அதைக் குத்திக் கிளப்பிவிட்டது.

"எத்தனை வருஷமா இதுல ஊத்தறீங்க?"

"பதினெட்டு."

"நான் உங்க தரையைத்தான் பார்த்தேன். உங்க கையைப் பார்க்காம விட்டுட்டேன்" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அப்புறம்தான் அவள் முகம் மாறியது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதைச் சொன்னா என் பேரு தப்பும். ஆனா அடுத்த கேள்வி, குழாயை யார் மாட்டினதுன்னு வரும்."

"நாம சொல்ல வேண்டாம்."

"நீங்க சொல்லாட்டா, யார் என்ன வேலை செஞ்சாங்கன்னு எழுதி வெச்சிருக்கற புஸ்தகம் சொல்லும். எனக்குக் கொடுத்த கடிதத்துல பேரை மட்டும் மாத்தி, திங்கட்கிழமை அவர் கையில கொடுப்பாங்க." விரிப்பை மடிக்கத் தொடங்கியவள் நிறுத்தினாள். "அவர் பார்க்கட்டும். அவருக்குத் தெரியாம அவர் பேரை எடுக்க மாட்டேன், மறைக்கவும் மாட்டேன். மோட்டார் அறைக்கு ஆள் விடுங்க."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். விரிப்பைப் பார்த்தார்.

"யார் பேனாவை உதறினது?"

"நீங்கதான். குழாயைத் திறங்க."

"குழாய்ல என்ன? சொட்டுதா? நான் மாட்டின குழாய் சொட்டாதே."

"சொட்டலை. திறங்களேன்."

திறந்தார். கைகட்டி நின்று ரசித்தார். "பாரு, நூல் பிடிச்ச மாதிரி நடு ஓட்டையில விழுது. தொட்டிக்கு வெளியே ஒரு பொட்டுத் தண்ணி போகுதா பாரு."

"போகலையா? அப்போ உங்க கண்ணாடியில என்ன?"

கழற்றிப் பார்த்தார். இடது கண்ணாடியில் ஒரு நீலப் பொட்டு. அதைக் கட்டைவிரலால் தடவினார். விரலைப் பார்த்தார். விரிப்பைப் பார்த்தார். நாலாம் கட்டிலைப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தபால்காரர் அவருக்கும் பழக்கம்; வார்டுக்குக் குழாய் பார்க்க வரும்போதெல்லாம் இருவரும் ரேடியோ ரிப்பேர் பற்றிப் பேசுவார்கள்.

"மட்டம் பார்த்துத்தானே மாட்டினேன்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"மட்டமாத்தான் இருக்கு. அதுதான் வினையே."

கொஞ்ச நேரம் குழாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நானே போய்ச் சொல்லிடறேன். உன் பேரை எடுக்கச் சொல்றேன்."

"போய்ச் சொன்னா என்ன ஆகும்? பொண்டாட்டியைக் காப்பாத்தப் புருஷன் கதை கட்டறான்னு ஆகும். நீங்க வாயைத் திறக்க வேண்டாம். அவங்களே வந்து குழாயைத் திறக்கட்டும்."

சனிக்கிழமை காலை கிருமி டாக்டரையும் நிர்வாக அதிகாரியையும் வரவழைத்தேன். கை கழுவும் முறையைச் சரிபார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன், பொய்யில்லை. அதிகாரி வெள்ளைச் சட்டையில் வந்தார், அவர் எப்போதும் வெள்ளைதான். வாளியக்கா முன்பே நீலம் ஊற்றி வைத்துவிட்டுத் தன் வாளிகளுக்குப் பின்னால் நின்றாள்.

"நீங்களே ஒரு தடவை கழுவிக் காட்டுங்க சார்" என்றேன்.

அழகாகக் கழுவினார். விரலிடுக்கு, நகம், மணிக்கட்டு, எல்லாம். துண்டால் துடைத்துக்கொண்டு திரும்பினார். கிருமி டாக்டர் அவர் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரியும் குனிந்து பார்த்தார். அந்தச் சட்டை அதன் பிறகு வெள்ளையாகவில்லை என்று கேள்வி.

கிருமி டாக்டர் ஒரு பஞ்சுக் குச்சியை வாங்கி ஓட்டைக்குள் விட்டு எடுத்தார். வாளியக்காவிடம் வெள்ளைப் புள்ளிகளைக் காட்டச் சொன்னார். முழங்காலிட்டுப் பார்த்தார். "முடிவு செவ்வாய்க்கிழமை வரும்" என்றார்.

"கடிதம் திங்கட்கிழமையிலேருந்துன்னு இருக்கு" என்றேன்.

"முடிவு வராம உத்தரவை மாத்த முடியாது" என்றார் அதிகாரி. சட்டையைக் கையால் மறைத்துக்கொண்டே சொன்னார்.

திங்கட்கிழமை வாளியக்கா முற்றத்தைப் பெருக்கினாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். சருகை மரத்துக்கு மரம் தனித்தனிக் குவியலாகக் குவித்திருந்தாள். வார்டில் அவளுக்குப் பதிலாக வந்தவன் எட்டுக் கட்டிலையும் ஒரே துணியால் துடைத்தான். நான் அவனிடம் பதினாறு துணியைக் கொடுத்து நிறம் சொல்லிக் கொடுத்தேன். பாவம், மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

செவ்வாய் மத்தியானம் முடிவு வந்தது. ஓட்டைக்குள் இருந்ததும், கம்பியில் இருந்ததும், தபால்காரரின் ரத்தத்தில் இருந்ததும் ஒரே கிருமி. எல்லோரையும் அதிகாரியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். வாளியக்கா முற்றத்துப் புழுதியோடு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு, நாற்காலி அழுக்காகும் என்று நின்றாள்.

அதிகாரி மேசையில் இருந்த கடிதத்தின் நகலை எடுத்தார். "இதைக் கிழிச்சிடலாம். நாளைக்கு வார்டுக்கு வந்துடுங்க."

"கிழிக்கக் கூடாதுங்க" என்றாள் வாளியக்கா. "கிழிச்சா, இப்படி ஒண்ணு எழுதினதும் தெரியாது, அது தப்புன்னும் தெரியாது. ஆனா ஊருக்கே வாயால தெரியும். எழுதின கையாலேயே மாத்தி எழுதிக் கொடுங்க."

"சரி, அப்போ காரணம் எழுதணும். குழாயை யார் மாட்டினது?"

"நான்" என்றார் அவள் புருஷன்.

"அந்தக் குழாயைக் கேட்டது நான்" என்றார் கிருமி டாக்டர்.

"அதுல கண்டதையும் ஊத்தினது நான்" என்றேன். அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எந்தப் பெயரை முதலில் எழுதுவது என்று எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"பேரே வேண்டாங்க" என்றாள் வாளியக்கா. "என் பேரை எடுங்க, போதும். அந்த இடத்துல இன்னொரு பேரைப் போட்டீங்கன்னா, அடுத்த தடவை கறையைப் பார்க்கறவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. என்ன நடந்துச்சுன்னு மட்டும் எழுதுங்க. தண்ணி எங்கே விழுந்துச்சு, எங்கே தெறிச்சுது, எதை ஊத்தக் கூடாது. அது போதும்."

புருஷனைக் காப்பாற்றத்தான் சொன்னாளா என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். "அதுவும்தான்" என்றாள். "அவரை மட்டும்னா வீட்டுலயே காப்பாத்தியிருப்பேன். உங்களையும் சேர்த்துத்தான்."

புதிய கடிதம் ஒரு பக்கம். "நாலாம் கட்டிலின் கம்பி தினமும் முறையாகச் சுத்தம் செய்யப்பட்டது. சுத்தம் செய்த பிறகு வாஷ்பேசின் ஓட்டையிலிருந்து தெறித்த தண்ணீரால் அது மீண்டும் மீண்டும் அசுத்தமானது. இதைக் கண்டுபிடித்தவர் வார்டின் துப்புரவுப் பணியாளர்." அந்தக் கடைசி வரியின் முடிவில் மட்டும், அடைப்புக்குறிக்குள் அவள் பெயர் இருந்தது. அதையும் எடுக்கச் சொன்னாள். கிருமி டாக்டர் எடுக்க விடவில்லை.

குழாய்களை அவள் புருஷனேதான் திரும்ப மாட்டினார். தண்ணீர் பேசினின் பக்கச் சுவரில் பட்டு வழியும்படி, ஓட்டையை விட்டுத் தள்ளி. பார்க்கக் கோணலாகத்தான் இருக்கும். அடியிலிருந்த வளைவுக் குழாய்களைக் கழற்றி எறிந்து புதிது போட்டார். டிராலியை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். நாலாம் கட்டிலுக்கும் பேசினுக்கும் நடுவில் ஒரு தடுப்பு நிறுத்தினோம். அழுக்குத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு முப்பத்தெட்டு அடி நடந்தோம். அடுத்த ஐந்து மாதத்தில் ஒரே ஒருவருக்குத்தான் புதிதாக அந்தக் கிருமி வந்தது. அவரும் பிழைத்தார். கிருமி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஓட்டைக்குள் அது திரும்ப வரும், வந்தது. வாராவாரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எங்கள் வயிற்றில் இருந்ததற்கு என்ன செய்வது என்று நாங்கள் இருவரும் கிருமி டாக்டரிடம் கேட்டோம். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். மாத்திரை போட்டால் நல்ல கிருமிகள் செத்து இதற்குத்தான் இடம் விசாலமாகும். வெளிக்குப் போய் வந்தால் சோப்பு, சமைக்கும் முன் சோப்பு. மாதக்கணக்கில் தானாகப் போகலாம், போகாமலும் இருக்கலாம். வாளியக்கா இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு போய்த் தானும் கடைப்பிடித்தாள், தன் தெருவையும் கடைப்பிடிக்க வைத்தாள். அடுத்த வீட்டுக்காரி, பிள்ளையின் சளிக்கு, போன வருடம் மீந்த ஆன்டிபயாட்டிக்கில் இரண்டைக் கொடுக்கப் பார்த்தபோது இவள் வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கத்தினாளாம்: "மிச்சச் சோத்தைக் கூடக் கொடுக்க மாட்டே, மிச்ச மாத்திரையைக் கொடுக்கறியா?" அந்தத் தெருவில் இப்போது மாத்திரை அட்டையை அவள் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கிறார்கள். அதுவும் ஒரு வகையில் முன்னேற்றம்தான்.

நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் பழைய வார்டுக்கு ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் போனேன். வாளியக்கா இன்னும் இருக்கிறாள், சக்கரம் இன்னும் கிறீச்சிடுகிறது. பிளாஸ்க்கிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். பேசிக்கொண்டே குடித்து முடித்தேன். அடியில் ஒரு வாய் மிச்சம். பழைய கை, பழைய இடம். எழுந்து பேசினை நோக்கிக் குவளையைச் சாய்க்கப் போனேன்.

"பங்காளி" என்றாள், தலையைத் திருப்பாமலே.

குவளையை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தின் கடைசி வரை நடந்தேன். இந்த வயதில் அது முப்பத்தெட்டு அடி இல்லை, நாற்பத்தைந்து.